பலகையின் நம் பக்கம்

என் ராசாவுக்கு,

நீ போன் பண்ணிய அன்று அடுப்பில் கிடந்த பருப்பு தீய்ந்துபோனது. அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும். "யம்மா, பள்ளச்செய்ய மண்ணடிச்சுத் தூத்து அங்கனயே வீட்டக் கட்டிரலாம்னு இருக்கேன், லாரிக்காரன்ட்ட பேசியாச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் என்ஜினீயர் போட்ட பிளான், முன்னால் கார் நிறுத்தும் இடம், மாடிப்படிக்கு எந்தக் கல் என்று துபாயிலிருந்து வீட்டையே கட்டி முடித்துப் பால் காய்ச்சிவிட்டாய். "யோசிச்சுச் சொல்றேன்" என்று நான் சொன்னதும் உன் அய்யா சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் நான் எதையும் யோசித்துச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. பயந்துபோய் மறுசோறு கேட்காமலே எழுந்துவிட்டார்.

போனை வைக்கும் முன்பு கடைசியாக ஒன்று சொன்னாயே, "அது தோதுப்படலன்னா ராமநாதபுரத்துல ஒரு பிளாட்டப் பாத்துக்கிறேன்" என்று, அதுதான் இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. தை மாதம் கல்யாணம். நீயும் ஈஸ்வரியும் இங்கேயே இருக்க வேண்டும், துபாய் வேலை முடிந்து நீ வந்து விழுகிற இடம் இந்த மண்ணாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைக் கடைசியில் வைத்தாய், கெட்டிக்காரன். பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு கூடை மண் விழாது. அதனால் நான் வேண்டாம் என்றால் நீ தூரப் போவாய், சரி என்றால் நம் தாழ்ந்த வயல், அந்தப் பள்ளச்செய் போகும். இரண்டில் எதை விடுவது என்று இத்தனை நாள் என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்துவிட்டாய்.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், டவர் இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். உன் அய்யா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பக்கத்துக்குப் பக்கம் அவருடைய கட்டைவிரலும் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள். முழுசாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு "சரிம்மா" என்று ஒரு கையைத் தூக்குகிற படம் அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நிலம் எப்படிக் கிடக்கிறது என்பதை நீ மறந்திருப்பாய். மறந்ததனால்தான் இந்த யோசனையே வந்தது. மேற்கே, வேம்பு நிற்கிற இடம் மேட்டுச்செய், அங்கேயும் மிளகாய்தான். அங்கிருந்து சரிந்து சரிந்து வந்தால் நடுவில் மிளகாயும் நெல்லும் போடுகிற வயல்கள். கிழக்கே கடைசியில், ரோட்டை ஒட்டிப் பள்ளச்செய். அதைத் தாண்டினால் பொதுவரப்பு, வரப்புக்கு அந்தப் பக்கம் ஜொகராக்காவின் தென்னையும் ஆட்டுக்கொட்டகையும். அதற்கும் கிழக்கே ஓடை, ஓடை போய்ச் சேருகிற இடம் கடல். மேட்டில் விழுகிற மழை எல்லாம் எங்கே வந்து நிற்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டோரம், கார் நேராக உள்ளே வரும், கரண்டுக் கம்பம் பக்கத்திலேயே இருக்கிறது என்று நீ பார்த்தாய். தண்ணீரும் அந்த இடத்தை நேராகத்தான் பார்க்கிறது.

எங்கள் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. நான் கமுதிப் பக்கத்துக் காட்டில் பிறந்தவள். அரிசி கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றாமல் போனால் அம்மா கையில் அடி விழும், அப்படிப்பட்ட ஊர். தாலி கட்டி, இந்த வீட்டு வாசலில் ஆரத்திக்கு நிற்கிறேன், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பக்கத்தில் மாப்பிள்ளையைக் காணோம். மாலையும் கழுத்துமாகப் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு ஓடிவிட்டார் மனிதர். எதற்கு? மடையை அடைக்க. ஒரு சொட்டுத் தண்ணீர் நிலத்தை விட்டு வெளியே போய்விடக் கூடாதே! ஆரத்தித் தட்டோடு எல்லோரும் நின்றோம். சேறு அப்பிய காலோடு அவர் திரும்பி வந்தபோது என் அய்யா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "மாப்ள வெவரமான ஆளுதான்த்தா, பொழச்சுக்கிருவ" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷம்தான். மழை வந்தால் மடையை அடை, வரப்பை உயர்த்து, பிடித்து வை. இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்கு வேறு என்ன தெரியும்?

அந்தப் பழக்கம் எங்களை முழுக அடித்த வருஷத்தை நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறாய். பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள், நீ நீல டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி வயலுக்குள் படகு ஓட்டினாய், உனக்கு அது திருவிழா. எனக்கு அது வேறு. மிளகாய் அப்போதுதான் பூவெடுத்திருந்தது. முதல் நாள் மழைக்கு உன் அய்யா முகத்தைப் பார்க்க வேண்டுமே! எல்லா மடையையும் அடைத்துவிட்டு வந்து, இரண்டு தரம் காப்பி கேட்டார். அடுத்த நாளும் மழை, அதற்கடுத்த நாளும் மழை. செடி இலையைத் தொங்கப் போட ஆரம்பித்தது. நெல்லு நிற்கும், மிளகாய்க்கு வேரில் தண்ணீர் நின்றால் உயிர் நிற்காது. "வரப்ப வெட்டி விடுங்க" என்றேன். "வந்த தண்ணிய வெட்டி விடவா? என்ன பேச்சுத்தா பேசுற?" என்று மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஓங்குவார், இறக்குவார், மறுபடி ஓங்குவார். கை வரவில்லை அந்த மனிதருக்கு. எனக்கும் உள்ளுக்குள் அதே கூச்சம்தான். சித்திரையில் ஒரு குடத்துக்கு அலைந்தவள் எந்த வாயால் தண்ணீரைப் போகச் சொல்வேன்? அப்படி இரண்டு பேரும் மழையில் நின்று தயங்கித் தயங்கியே செடியைச் சாகக் கொடுத்தோம்.

கடைசியில் அவர் வெட்டியபோது அது வெட்டாக இல்லை, உடைப்பாகிவிட்டது. ஊறிப்போன வரப்பு பாளம் பாளமாகச் சரிந்து, தேங்கி நின்ற மொத்தத் தண்ணீரும் ஜொகராக்காவின் தோப்புக்குள் பாய்ந்தது. அவர் அந்த வருஷம்தான் தென்னங்கன்று வைத்திருந்தார். கன்று எல்லாம் வேரோடு மிதந்தது, கொட்டகைக்குள் ஆடுகள் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்காரர் சவுதியில், பையன்கள் சின்னவர்கள், ஒற்றை ஆளாக ஒவ்வொரு ஆடாகத் தூக்கி ரோட்டில் ஏற்றிவிட்டு, முக்காடெல்லாம் நனைந்து சொட்டச் சொட்ட வரப்பில் வந்து நின்றார். "ஏத்தா, ஒந்தண்ணிய எந்தலையில கொட்டிட்டியே, அல்லா பாத்துக்கிட்டிருக்கான்த்தா!" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மழ என்ன நான் வரவச்சதா? எம்பயிரு செத்துக் கெடக்கு, ஒங்க கன்னு பெருசாப் போச்சா?" என்று கத்தினேன். அவரும் கத்தினார். மழை இரைச்சலில் யார் என்ன சொன்னோம் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. அந்தப் பெருநாளுக்கு அவர் வீட்டு பிரியாணி வரவில்லை, எங்கள் பொங்கல் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நீ பிரியாணிக்காக வாசலில் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் சித்திரை வந்தது. கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் ஊறியது. தண்ணி வண்டிக்காக ரோட்டோரம் குடத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் என் குடம், அந்தப் பக்கம் ஜொகராக்கா குடம், நடுவில் நாங்கள் பேசாத பேச்சு. வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி வரவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். பெரியபட்டினத்தில் பிறந்த ஜொகராக்காவுக்கு அந்தச் சிரிப்பு வந்தால் அடக்க முடியாது, உடம்பு முழுக்கக் குலுங்கும். "என்னக்கா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "இல்லத்தா, கார்த்திகையில இந்தத் தண்ணிக்குத்தான் நீயும் நானும் வேண்டாம் வேண்டாம்னு அடிச்சுக்கிட்டோம். இப்ப வேணும் வேணும்னு ஒக்காந்துருக்கோம். நம்மளவிடக் கிறுக்கச்சிக உண்டுமா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இருந்த வறட்சியில் அதையாவது குடத்தில் பிடித்து வைத்திருக்கலாம்.

அன்றைக்குக் குடத்தின் மேல் உட்கார்ந்தே பேசி முடித்ததுதான் இன்று நீ பார்க்கிற ஏற்பாடு. எல்லா வயலிலும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் எல்லாம் அழுகும். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால் கீழே இருப்பவர் முழுகுவார், சித்திரையில் இரண்டு பேரும் காய்வோம். ஆகவே தண்ணீருக்கென்று ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிடுவது. எந்த இடம்? அது எப்படியும் வந்து உட்காருகிற இடம்தான். அந்தக் கோடையிலேயே ஜேசிபி வந்து பள்ளச்செய்யின் ஒரு மூலையை ஆழமாகத் தோண்டியது. வேளாண்மை ஆபீசில் பண்ணைக்குட்டை என்று எழுதிக்கொண்டு உதவியும் செய்தார்கள். எடுத்த மண்ணை எல்லாம் மேற்கே ஏற்றினோம், மேட்டுச்செய் இன்னும் மேடாகிப்போனது. மிளகாய்ப் பாத்திகளை உயர்த்திப் போட்டு, நடுவில் கால் வைத்து நடக்கிற அளவுக்கு வாய்க்கால் இழுத்தோம். வரப்பு கரையாமல் இருக்க வெட்டிவேர்ப் புல் நட்டோம். அதைக் கடிக்க ஜொகராக்காவின் ஆடுகள் செய்த அட்டகாசத்தை எழுதினால் இன்னொரு கடிதம் வேண்டும்.

பொதுவரப்பில் வைத்த மடைதான் கஷ்டமான காரியம். எவ்வளவு உயரத்தில் வைப்பது? தாழ்த்தி வைத்தால் அவர் தோப்புக்கு ஆபத்து, உயர்த்தி வைத்தால் என் மிளகாய்க்கு ஆபத்து. உன் அய்யாவும், அப்போது சவுதியிலிருந்து வந்திருந்த ஜொகராக்காவின் வீட்டுக்காரரும் ஒரு சாயங்காலம் முழுக்கக் கயிறு பிடித்துச் சண்டை போட்டார்கள். அடுத்த மழைக்கு நானும் ஜொகராக்காவும் ஆளுக்கொரு பக்கம் தண்ணீருக்குள் இறங்கி நின்றோம். எனக்கு மிளகாய்ப் பாத்தியின் தோளைத் தண்ணீர் தொடக் கூடாது, அவருக்குக் கரண்டைக்காலுக்கு மேல் ஏறக் கூடாது. "போதுமா?" "இன்னும் கொஞ்சம் ஏத்துத்தா." "இப்ப?" "ஆங், அங்கன வை." அந்த இடத்தில் இரண்டு கல் நட்டு, நடுவில் பனம்பலகையைச் சொருகினோம். பலகை வேண்டுமென்றேதான் நீளம். ஒருவர் தூக்க முடியாது. ஒரு முனையை நம் வீட்டு ஆள் பிடிக்க வேண்டும், மறுமுனையை அவர் வீட்டு ஆள் பிடிக்க வேண்டும். மழை நாளில் மிஸ்டு கால் கொடுத்தால் அடுத்தவர் வந்துவிட வேண்டும், எந்த மனத்தாங்கல் இருந்தாலும். இதுதான் எங்கள் சட்டம். எப்போது திறப்பது என்பது மட்டும் ஜொகராக்கா சொல்வதுதான். "கடல் ஏத்தத்துல தொறந்தா ஓடத்தண்ணி திரும்பி நம்ம மூஞ்சியிலதான் அடிக்கும், கடல் வத்தட்டும், வாரேன்" என்பார். கடல் வற்றும் நேரம் வந்ததும் சொன்னபடி வருவார். அதுவரை தண்ணீர் பள்ளச்செய்யில் உட்கார்ந்து காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்குத்தான் அந்த இடம், புரிகிறதா? நீ அதில் மண்ணைக் கொட்டினால் தண்ணீர் எங்கே காத்திருக்கும்? என் மிளகாயிலும் ஜொகராக்காவின் கொட்டகையிலும்தான்.

முதல் வருஷம் பலகையைத் தூக்கியபோது உன் அய்யா கரையில் நின்று தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டால் வரவில்லை. "போகுதேத்தா, போகுதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன்னை மதுரை விமான நிலையத்தில் உள்ளே அனுப்பிவிட்டு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றாரே, அச்சு அசலாக அதே முகம். அந்த வருஷம் மிளகாய் காய்த்துக் கொட்டியது. மாசியில் குட்டையில் மிச்சமிருந்த தண்ணீரை இறைத்து இரண்டாம் பறிப்புக்கும் பாய்ச்சினோம். அடுத்தடுத்த வருஷங்களில் கிணற்றில் உப்பும் குறைந்தது. இப்போது அவர் ஊருக்கெல்லாம், "தண்ணிய விடத் தெரியணும்யா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மண்வெட்டியை ஓங்கிவிட்டு இறக்கிய கதையை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. நான் சொல்வேன் என்று பயம், அதனால் என்னோடு டீக்கடைப் பக்கம் வரமாட்டார்.

நீ கேட்பாய், "நம்ம நெலம், நம்ம என்ன செஞ்சா யாருக்கென்ன?" என்று. கேட்டாய், அன்றைக்கும் கேட்டாய். அந்தக் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பார். சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனோமே, ரோட்டோரப் பள்ளத்தைத் தூர்த்துப் புதுசாகக் கட்டியிருந்தார்களே, அந்த மண்டபம். மண்டபக்காரருடைய நிலம், அவர் தூர்த்தார். நல்ல மழை. தாலி கட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கும்போது கால் ஜில்லென்றது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் பெஞ்சின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செருப்பெல்லாம் கும்பலாக மணமகள் அறைக்குள் மிதந்து போனது. நீதான் சாம்பார் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "ஓரம், ஓரம்" என்று நடந்து நடந்து பரிமாறினாய். எவ்வளவு சிரித்தோம்! ஆனால் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த நாலு வீட்டில் அன்றைக்கு அடுப்பெரியவில்லை. முன்பு பள்ளத்தில் நின்ற தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் போய் நின்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீயே சொன்னாய், "பள்ளத்தப் போயி யாராச்சும் தூப்பாங்களாம்மா" என்று. அந்தப் பையனைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். துபாயில் எங்கேயாவது தென்பட்டால் அம்மாவுக்கு ஒரு போன் போடச் சொல்.

போதும், திட்டி முடித்துவிட்டேன். இனி முடிவைச் சொல்கிறேன். பள்ளச்செய்யைத் தூர்க்கக் கூடாது. நான் இருக்கும்வரை கூடாது. எனக்குப் பிறகும் கூடாது என்று ஆசைப்படுகிறேன். ஆனால் வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேட்டுச்செய்யில் கட்டு. ஆமாம், என் மிளகாய்ச் செய்தான். உன் அய்யா, "ஏத்தா, அங்கன மொளகால்ல நிக்கிது? அம்புட்டு நல்ல மண்ண யாராச்சும் வீட்டுக்குக் குடுப்பாகளா?" என்று வாயைப் பிளந்தார். நல்ல மண்ணை என் பிள்ளைக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுக்க? அந்த மிளகாயையும் நடு வயலிலேயே போட்டுக்கொள்வேன், அங்கேயும் காய்க்கும். அந்த மேட்டில் வேம்பு நிழலில் நான் உட்கார்ந்து பழம் பறித்த காலம் நல்ல காலம். அதை விட்டுத்தர எனக்கு மனசு வலிக்கிறது, பொய் சொல்லமாட்டேன். சித்திரையில் கடைசிப் பறிப்பை முடித்துக் கொடுத்துவிடுகிறேன், அதற்கு மேல் அஸ்திவாரம் தோண்டு. கார் உள்ளே வராது என்று மூஞ்சியைத் தூக்காதே. வடக்கு வரப்பை ஒட்டி வண்டிப்பாதை விடலாம் என்று உன் அய்யா ஏற்கெனவே நூல் பிடித்துவிட்டார். அவருக்கு நூல் பிடிக்க ஒரு சாக்குத்தான் வேண்டும்.

இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. போன வாரம் இங்கே நல்ல மழை. ஈஸ்வரி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். பத்திரிகையில் யார் பெயர் முன்னால் யார் பெயர் பின்னால் என்று காட்டிவிட்டுப் போக அவளுடைய அய்யா பைக்கில் வந்தார், அவளும் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். வந்த பிறகு மழை பிடித்துக்கொண்டது, போக வழியில்லை. மத்தியானம் ஜொகராக்கா மிஸ்டு கால் கொடுத்தார், கடல் வற்றுகிறது என்று. உன் அய்யாவும் சம்பந்தியும் மழையைப் பார்த்துக்கொண்டு ராமநாதபுரத்தில் தைக்கக் கொடுக்கிற மாப்பிள்ளைச் சட்டையின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தோள்பட்டை இந்த வருஷம் தூக்க விடவில்லை, உனக்கு நான் சொல்லவில்லை. உன் அய்யாவை எழுப்பிக் கூப்பிடலாம் என்று திரும்பினால், இந்தப் பிள்ளை குடையை மடக்கிக் கதவோரம் வைத்துவிட்டு, "எங்கன அத்த போகணும்?" என்று நிற்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணை மழையில் வயலுக்கு இறக்கினால் ஊர் என்ன சொல்லும் என்று நான் யோசிப்பதற்குள் சேலையைச் சொருகிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். கமுதிப் பக்கத்துப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்.

வரப்பில் ஜொகராக்கா வரவில்லை. அவருக்கு முழங்கால் போய்விட்டது, மூத்த மருமகள் வந்திருந்தாள். அவளுடைய வீட்டுக்காரனும் உன்னைப் போலத்தான், வளைகுடாவில். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பள்ளச்செய் நிறைந்து கடல் மாதிரி கிடந்தது, நடுவில் கொக்கும் நீர்க்காகமும். ஈஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருணி அத்த?" என்று கேட்டாள். "ஊருணி இல்லத்தா, இங்கனதான் ஒனக்கு வீடு கட்டப் போறாராம் எம்மகன்" என்றேன். பிறகு மெதுவாக, "இங்கனயா? அப்ப எங்களுக்குப் பதிலா மீனத்தான் குடிவைக்கணும்" என்றாள். ஜொகராக்கா மருமகள் பலகையைப் பிடித்துக்கொண்டே சிரித்த சிரிப்பில் பலகை ஆடியது. நான் மேட்டைக் காட்டினேன். "அங்கன ஒங்க மொளகா நிக்குதே அத்த" என்றாள். அது ஒன்றே போதும் எனக்கு. அதற்குப் பிறகுதான் என் மனசு தெளிந்தது.

நம் பக்கத்து முனையை அவள் பிடித்தாள். அந்தப் பக்கத்து முனையை அந்தப் பெண் பிடித்தாள். "தூக்கு" என்றேன். ஊறிய பனம்பலகை என்ன கனம் கனக்கும் என்று உனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் தூக்கினார்கள். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே போனது, மிளகாய்ப் பாத்தி எல்லாம் மெல்ல மெல்லத் தலை தூக்கியது. நான் கரையில் சும்மா நின்றேன். இத்தனை வருஷத்தில் பலகை ஏறும்போது நான் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், மழை பெய்ததனால் ஒருவரும் கவனிக்கவில்லை.

ராசா, நீ பிளாட் வாங்கினாலும் எனக்கு நீ மகன்தான், அதில் ஒன்றும் குறையாது. ஆனால் ராமநாதபுரத்துக்கு மிஸ்டு கால் கொடுத்தால் பலகை ஏறாது. லாரிக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிடு. பலகை தூக்கிய விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அவுக ஆசையாப் பிளான் போட்டுருக்காக அத்த, நான் சொல்லி நிறுத்துனதா இருக்க வேணாம்" என்றாள். சத்தியத்தை மீறிவிட்டேன், அதை நான் அவளிடம் பேசிக்கொள்கிறேன். அவள் வலது உள்ளங்கையில் பெரிய பனஞ்சிராய் ஏறிவிட்டது. ஊசியால் நான்தான் எடுத்து மஞ்சள் வைத்துக் கட்டி அனுப்பினேன். தினமும் மணிக்கணக்காக அவளோடு போனில் பேசுகிறாயே, நாளைக்குக் கூப்பிடும்போது முதலில் கை எப்படி இருக்கிறது என்று கேள்.

உன் அம்மா